வெள்ளை அங்கிக்குப் பின்னால் ஓர் ஏடு

"வருங்காலத்தில் என்னவாக விரும்புகிறாய்?" என்று நம் பள்ளியின் எந்த வகுப்பில் கேட்டாலும், பாதிக் கைகள் "மருத்துவர்" என்றும் "செவிலியர்" என்றும் சொல்லி உயரும். "மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருப்பேன்" என்று சொல்லி ஒரு கையாவது உயருமா? உயராது. அப்படி ஒரு பணி உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கானோர். எல்லார் கண்களும் அவர்கள் மீதும் தேரின் மீதுமே இருக்கும். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்து, முட்டுக்கட்டையைக் கையில் ஏந்தி, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் போட்டுத் தேரைத் திருப்புகிறவர் சிலரே. அவர்கள் இல்லையேல் வடம் எவ்வளவு வலிமையாக இழுக்கப்பட்டாலும் தேர் வீதி திரும்பாது. மருத்துவக் கல்லூரி என்னும் பெருந்தேருக்கும் அத்தகையோர் உண்டு. யாரை எந்தப் பணிக்கு எடுப்பது, எவருக்கு எப்போது விடுப்பு, எவருக்கு என்ன ஊதியம், ஓய்வு பெற்றவருக்கு என்ன உரிமை என்பவற்றைக் கவனிக்கும் அந்தப் பணியைத்தான் இக்காலத்தில் "மனிதவள மேலாண்மை" என்கிறோம். நம் திருச்சியை வைத்தே அதைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

பழைய கல்வெட்டில் ஒரு சம்பளப் பட்டியல்

இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. திருக்குறளில் "மருந்து" அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைத் தருபவர் ஆகியவையே அந்நான்கு. மருத்துவர் ஒருவரால் மட்டும் மருத்துவம் நடவாது என்பது வள்ளுவர் காலத்திலேயே தெளிவான உண்மை.

11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு இதற்கு அடுத்த படி. காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் உள்ள கோயில் அது. அங்கே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலை ஒன்று நடைபெற்றது. அதில் பணி செய்தவர் யார் யார், அவரவர்க்கு ஆண்டொன்றுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வோருக்கு 30 கலம் நெல். இவர்களுடன் மூலிகையும் விறகும் கொணர்வோர், மருந்து கொடுத்து உதவும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்போர் என்று ஒருவரையும் விடாமல் குறித்திருக்கிறார்கள். இதனைப் பணியிடப் பட்டியலும் ஊதியப் பட்டியலும் சேர்ந்த ஆவணம் என்றே சொல்லலாம்.

நம் ஸ்ரீரங்கத்திற்கும் இதில் பங்குண்டு. அரங்கநாதர் கோயிலில் ஹொய்சளர் காலமாகிய 13ஆம் நூற்றாண்டில் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. இடைக்காலத்தில் அது சிதைந்துபோக, கருடவாகன பட்டர் என்பவர் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்று 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று கூறுகிறது. இன்றும் அக்கோயிலில் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டிவிடலாம். அதைத் தொடர்ந்து நடத்தும் ஆட்கள் இல்லாமற்போனால் அறம் நின்றுவிடும். அதனாலேயே நம் முன்னோர் பணியாளர் பெயரையும் பங்கையும் அழியாத கல்லில் எழுதினர் போலும்.

நம் ஊர் மருத்துவக் கல்லூரி

திருச்சி நெடுங்காலம் கல்லூரிகளுக்குப் பெயர் பெற்ற ஊராக இருந்தும், அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத ஊராகவே இருந்தது. மருத்துவம் பயில விரும்பியோர் தஞ்சைக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ சென்றனர். 1997ஆம் ஆண்டில்தான் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. திருச்சியில் வாழ்ந்த தமிழறிஞரான முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் (1899–1994) அவர்களின் பெயரை அது தாங்கியுள்ளது. கல்லூரி பெரியமிளகுப்பாறையில் இருக்கிறது. அதனோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை புத்தூரில் இருக்கிறது. பட்டம் வழங்குவது சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

ஒரே நிறுவனம், ஆனால் இரண்டு கடமைகள். ஒரு பேராசிரியர் காலையில் வார்டில் நோயாளியைப் பார்க்கிறார். அதே நோயாளியின் கட்டிலருகே நின்று மாணவருக்குப் பாடமும் சொல்கிறார். ஆகவே அவர் மருத்துவர் என்ற கணக்கிலும் வருகிறார், ஆசிரியர் என்ற கணக்கிலும் வருகிறார். ஏனைய கல்லூரி அலுவலகங்களுக்கு இல்லாத சிக்கல் இது. ஆசிரியர், பயிற்சி மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், கதிர்ப்பட நுட்பநர், சமையலர், தூய்மைப் பணியாளர், காவலர், எழுத்தர் என்று எத்தனையோ வகையினர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்றனர். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விதி, தனித்தனி ஊதியம், தனித்தனி விடுப்பு.

ஸ்ரீரங்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையும் புத்தூரில் உள்ள பெரிய மருத்துவமனையும் ஒரே அரசாங்கத்தைச் சேர்ந்தவைதாமே என்று நாம் நினைப்போம். உண்மைதான், ஆயினும் அவை ஒரே இயக்ககத்தின் கீழ் இல்லை. மருத்துவக் கல்லூரிகளும் அவற்றைச் சார்ந்த மருத்துவமனைகளும் மருத்துவக் கல்வியைக் கவனிக்கும் இயக்ககத்தின் கீழ் வருகின்றன. வட்ட, மாவட்ட அளவிலான ஏனைய மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழும் வருகின்றன. காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பணியாளர் இயக்ககம் விட்டு இயக்ககம் மாற வேண்டுமானால், அவருடைய காகிதங்கள் சென்னை வரை சென்று திரும்ப வேண்டியிருக்கும்.

காலியிடம் என்பது என்ன?

"மருத்துவமனையில் ஆள் போதவில்லை" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். "ஆளை எடுத்துவிட வேண்டியதுதானே?" என்று உடனே கேட்கத் தோன்றும். அது அவ்வளவு எளிதன்று.

முதலில், எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட வேண்டும். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஓர் இடத்தில் இரவும் பகலும் ஒரு செவிலியர் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரமாக நாளொன்றுக்கு 3 முறை என்றால், ஆண்டுக்கு 365 x 3 = 1,095 முறை. ஒரு செவிலியருக்கு ஆண்டில் 52 வார ஓய்வு, 12 தற்செயல் விடுப்பு, 30 ஈட்டிய விடுப்பு ஆகியவற்றைக் கழித்தால் 271 நாட்கள் எஞ்சும். 1,095ஐ 271ஆல் வகுத்தால் 4க்குச் சற்று மேல் வருகிறது. ஆக, நோயாளியின் கண்ணுக்கு ஒருவராகத் தோன்றுபவர் ஏட்டில் நால்வருக்கும் மேல்! அவர்களுள் ஒருவர் மகப்பேறு விடுப்பில் சென்றால் ஐந்தாமவர் வேண்டும். அந்த ஐந்தாமவர் இல்லையேல், மற்ற நால்வரும் தங்கள் ஓய்வை இழக்க நேரும். களைத்த கண்ணும் நடுங்கும் கையும் மருந்தளவில் பிழை செய்யக்கூடும். ஒரு கணக்கின் பிழை ஓர் உயிரின் ஆபத்தாக முடியலாம் என்பது இதனால் விளங்குகிறது.

இரண்டாவதாக, அரசு அனுமதித்த பணியிடம் இருக்க வேண்டும். அதற்கு நிதித் துறை இசைவு தர வேண்டும். மூன்றாவதாக, அகில இந்திய விதிகளுக்கும் பொருந்த வேண்டும். 2020ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கழகத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆண்டுக்கு 150 மாணவரைச் சேர்க்கும் கல்லூரிக்குக் குறைந்தது 605 படுக்கைகள் வேண்டும் என்றும், ஆசிரியர்கள் வேலைநாட்களில் குறைந்தது 75 விழுக்காடு வருகை தர வேண்டும் என்றும் அவ்வாணையம் 2023ஆம் ஆண்டு விதிகளில் வகுத்தது. நம் திருச்சிக் கல்லூரியும் 150 இடங்கள் கொண்டதே. ஆசிரியர் எண்ணிக்கை குறைந்தால் ஆணையம் விளக்கம் கேட்கும்; மாணவர் இடங்களுக்கே ஆபத்து வரலாம். ஆகவே ஓர் இணைப் பேராசிரியர் ஓய்வு பெறும் நாளை அலுவலகம் பல மாதங்களுக்கு முன்பே குறித்து வைத்து, மேலிடத்திற்கு எழுத வேண்டும்.

நான்காவதாகத்தான் ஆளெடுப்பு வருகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர், செவிலியர், நுட்பநர் முதலியோரைத் தேர்ந்தெடுக்க 2012ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்ற தனி அமைப்பு ஏற்பட்டது. அலுவலக எழுத்தர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, 200 புள்ளிகள் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலின்படி வரிசையாக நிரப்பப்படுகிறது. 1989 முதல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்கும் முறையும் வந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ் வழியில் படித்தவர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தந்தது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமின்றி, வரிசைப்படி நியாயம் நடக்க வேண்டும் என்பதே இவ்வளவு ஏற்பாட்டின் நோக்கம். அந்த வரிசையில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால், எங்கோ ஒரு சிற்றூரில் முதன்முதலாகப் படித்து வந்த ஒரு பெண்ணின் வாழ்வு தவறிப்போகும்.

ஒரு மனிதரின் வாழ்வு ஒரு பதிவேட்டில்

பணியாளர் பிரிவில் மிக முக்கியமான பொருள் எது என்று கேட்டால், கணிப்பொறி என்று சொல்லமாட்டார்கள், பணிப்பதிவேடு என்பார்கள். ஒருவர் அரசுப் பணியில் சேர்ந்ததும் அவர் பெயரில் ஓர் ஏடு திறக்கப்படுகிறது. பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், கைரேகை, கல்வித் தகுதி, சேர்ந்த நாள், சேர்ந்தது முற்பகலா பிற்பகலா என்பது வரை அதில் எழுதப்படும். பின்னர் ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, எடுத்த விடுப்பு, பெற்ற பதவி உயர்வு, மாறுதல், தமக்குப் பின் பணத்தைப் பெற வேண்டியவர் பெயர் ஆகியவை ஏறிக்கொண்டே வரும். ஓய்வு பெறும் நாளில் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் அவருக்குரிய பணப்பயன்கள் கணக்கிடப்படும்.

ஒரு செவிலியர் 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். நடுவில் இரண்டு மாதப் பணிக்காலம் பதியப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. யாரோ ஓர் எழுத்தர், "நாளை எழுதலாம்" என்று தள்ளிவைத்தது அது. இப்போது அந்த இரண்டு மாதங்களை மெய்ப்பிக்க, அந்த அம்மையார் தாம் முன்பு வேலை பார்த்த ஒவ்வோர் ஊருக்கும் நடக்க வேண்டியிருக்கும். நோயாளிகளுக்காக இரவெல்லாம் விழித்தவர், முதுமையில் அலுவலக வாசற்படிகளில் காத்திருக்க வேண்டுமா? "நாளை" என்ற ஒரு சொல்லின் விலை இது.

மாறுதலையும் பாருங்கள். ஒருவர் திருச்சியிலிருந்து வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டால், கடைசியாகப் பெற்ற ஊதியத்திற்கான சான்று அவருக்குப் பின்னாலேயே செல்ல வேண்டும். அது தாமதித்தால் புதிய ஊரில் அவருக்குச் சம்பளம் போடமாட்டார்கள். வாடகைக்கும் பால்காரருக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் அவர் யாரிடம் போவார்?

பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், அவர் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் பணி கோர வழி உண்டு. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துயரத்தில் மூழ்கிய வீட்டில் இதை யார் எடுத்துச் சொல்வார்? நல்ல பணியாளர் பிரிவாயின், குடும்பத்தார் வந்து கேட்கும் வரை காத்திராமல் தாமே அவர்களை அழைத்து, வேண்டிய சான்றிதழ்களைச் சொல்லி, படிவத்தை நிரப்பத் துணை செய்யும். விதியில் இப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை என்றாலும், மனச்சாட்சி அதை எழுதிவைத்திருக்கிறது.

பெண்களுக்கு உரியவை

செவிலியரில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே மருத்துவமனைப் பணியாளர் பிரிவு பெண்களின் உரிமைகளை நன்கு அறிந்திருத்தல் கட்டாயம். தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு முன்பு 90 நாட்களே. அது 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்ந்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதைக் கேட்கும் தாயிடம் முகம் சுளிக்காத ஓர் அலுவலரும் வேண்டும். அவர் இல்லாத ஓராண்டில் வார்டு தவிக்காதபடி மாற்றாளை ஏற்பாடு செய்வதும் அதே அலுவலரின் திறமை. இரண்டையும் செய்யத் தெரிந்தவரே அந்த நாற்காலிக்கு ஏற்றவர்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்று வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும், ஒரு பெண்ணைத் தலைவராகக் கொண்ட உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலமாகப் புகார் தரலாம். நாம் எந்தத் துறையில் நாளை வேலைக்குச் சென்றாலும் இதை மனத்தில் கொள்வது நல்லது. பெற்றோரும் தம் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

தொகுப்பூதியம் என்னும் சோதனை

இப்பணியின் கடினமான பக்கத்தையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்திச் செவிலியர் ஆயிரக்கணக்கானோரை ஒப்பந்த முறையில் எடுத்தது. அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் ஆவோம், காலமுறை ஊதியம் பெறுவோம் என்று நம்பிச் சேர்ந்தவர் பலர். காலியிடம் உண்டாக உண்டாகத்தான் நிரந்தரமாக்க இயலும் என்று அரசு கூறியது. காத்திருப்பு நீண்டது, போராட்டங்களும் வழக்குகளும் நடந்தன, தொகுப்பூதியம் பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது.

ஒரே வார்டில், ஒரே சீருடையில், ஒரே ஊசியைப் போடும் இருவரில், ஒருவருக்கு முழு ஊதியமும் மற்றவருக்கு அதில் சிறு பங்கும் கிடைப்பது மனத்தை உறுத்தத்தான் செய்யும். அரசின் கொள்கையை ஒரு கல்லூரி அலுவலகம் மாற்ற இயலாது. எனினும் அது செய்யக்கூடியவை உண்டு. காலியிடங்களைத் தாமதமின்றி மேலிடத்திற்குத் தெரிவிக்கலாம். பணிமூப்புப் பட்டியலைப் பிழையின்றி வைக்கலாம். "எப்போது நிரந்தரம்?" என்று கேட்பவருக்குப் பொய்யான நம்பிக்கையும் தராமல், கடுஞ்சொல்லும் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி விளக்கலாம்.

தூய்மைப் பணியும் காவல் பணியும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக நடைபெறுகின்றன. அந்தத் தொழிலாளருக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்தம் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு, வேலை வாங்கும் நிறுவனத்திற்கும் உண்டு. தொழிலாளியின் பங்கு 12 விழுக்காடு. முதலாளியின் பங்கும் 12 விழுக்காடு. தொழிலாளி தம் கணக்கு எண்ணை அறிந்திருக்கிறாரா என்று ஒரு முறை கேட்பதே பெரிய உதவி. அறுவை அரங்கின் தரையைத் துடைப்பவர் தம் பணியைச் சரியாகச் செய்யாவிடில், அறுவை செய்தவரின் திறமை அத்தனையும் வீணாகும் அன்றோ!

"மனிதவளம்" என்ற பெயர்

முன்பு அரசில் "பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை" என்று ஒரு துறை இருந்தது. 2021இல் அதற்கு "மனிதவள மேலாண்மைத் துறை" என்று பெயர் மாற்றினார்கள். அரசு ஊழியரின் பணிப்பதிவேடுகளும் ஊதியப் பட்டியல்களும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் கீழ்க் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் வருகையும் ஆதாருடன் இணைந்த முறையில் பதிவாகிறது. பெயர் ஏட்டில், ஆள் வேறிடத்தில் என்ற குறையை நாட்டின் பல கல்லூரிகளில் கண்டதனால் வந்த ஏற்பாடு அது.

இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கணிப்பொறி தனக்குத் தரப்பட்டதைத்தான் காட்டும். பழைய ஏட்டில் இருந்த பிழை கணிப்பொறியில் ஏறினால், அதுவும் வேகமாக ஓடும் பிழையாகிவிடும். அன்றியும், "வளம்" என்ற சொல்லை நாம் நீர்வளம், நிலவளம் என்று வழங்குகிறோம். மனிதரை வளம் என்று அழைக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். காவிரியில் மணலை அள்ளிக்கொண்டே இருந்தால் ஆறு கெடும். மனிதரையும் அப்படி அள்ளிக்கொண்டே இருக்க முடியாது. ஓய்வும் மதிப்பும் தந்து பேணினால்தான் அந்த வளம் நிலைக்கும்.

அமைப்பதும் ஒரு சேவை

அலுவலகப் பணி சேவை ஆகுமா என்று ஐயுறுவோர் ஒருவரின் வாழ்வை நினைவுகூரலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்து மருத்துவப் பட்டம் பெற்ற மேரி குளோரி அம்மையார் 1920இல் இந்தியா வந்து, குண்டூரில் துறவற சபையில் சேர்ந்தார். நோயாளிகளைத் தம் கையாலேயே கவனித்து வந்த அவர், தனித்தனியே இயங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று கண்டு, 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தை நிறுவினார். நம் நாட்டில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவர் கனவு. 1957இல் அவர் மறைந்தார். 1963இல் பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஒரு மருத்துவர் தம் இரு கைகளால் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. பலருடைய கைகளை ஒன்றுசேர்த்து ஒழுங்குபடுத்துபவரின் பணி தலைமுறைகள் தாண்டியும் தொடர்கிறது.

இப்பணிக்கு வழி என்ன?

அரசு மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ சேர, தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு எழுத வேண்டும். அதற்குக் குறைந்த தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்ச்சியும் வேண்டும். பட்டம் பெற்றோர் இரண்டாம் தொகுதித் தேர்வுகளை எழுதலாம். துறைத் தேர்வுகளில் தேறினால் உதவியாளர், கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர் என்று படிப்படியாக உயரலாம். 2021 முதல் இத்தேர்வுகளில் தமிழ்த் தாளில் தகுதி பெறுவது கட்டாயமாகிவிட்டது. ஆகவே தமிழைப் புறக்கணித்துப் படிப்பவர்க்கு இவ்வழி அடைபடும்.

தனியார் மருத்துவக் கல்லூரிகளில் சமூகப் பணி, வணிக மேலாண்மை, மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டம் பெற்றோரை எடுக்கிறார்கள். நம் ஊரில் பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப் பணிப் படிப்பு உண்டு. 1984இல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மை நிறுவனமும் திருச்சியிலேயே இருக்கிறது. வடக்கே ஜாம்ஷெட்பூரில் 1949இல் இயேசு சபையார் தொடங்கிய சேவியர் தொழிலுறவு நிறுவனம் இத்துறையில் நாடறிந்தது.

பட்டத்தோடு வேறு சில குணங்களும் வேண்டும். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே வைத்துக்கொள்ளும் அடக்கம் முதலாவது. ஒருவருடைய நோய், கடன், குடும்பத் துயரம், தண்டனை ஆகிய எல்லாமே அந்த ஏடுகளில் இருக்கும். அவை தேநீர்க் கடைப் பேச்சாகிவிடக் கூடாது. அடுத்தது, பேராசிரியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லும் சமன். மூன்றாவது, இன்றைய வேலையை இன்றே முடிக்கும் ஒழுங்கு.

இன்றே செய்யக்கூடிய ஒன்று

இந்தப் பாடத்திலிருந்து, மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பணிப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதும் பெயரும் பிறந்த தேதியும் எங்கிருந்து வருகின்றன? நம் பள்ளிச் சான்றிதழிலிருந்துதான்! பணியில் சேர்ந்த பின் பிறந்த தேதியை மாற்றக் கோர வேண்டுமானால் ஐந்து ஆண்டுகளுக்குள் கோர வேண்டும்; அதன்பின் மன்றாடினாலும் பயனில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு தலையெழுத்து, ஆதாரில் வேறொன்று, மதிப்பெண் பட்டியலில் மூன்றாவது என்று இருந்தால், அந்த வேறுபாடு ஓய்வூதியம் வரை நம்மைத் துரத்தும்.

ஆகவே பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும்படி வகுப்பாசிரியை தரும்போது, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட வேண்டா. பெயர், தலையெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி ஆகிய நான்கையும் எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். பெற்றோரும் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கி, வீட்டிலுள்ள சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. வீட்டில் ஓய்வு பெறவிருக்கும் தாத்தாவோ பெரியம்மாவோ இருந்தால், அவருடைய வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா என்று அன்போடு கேட்போம்.

திருமுக்கூடல் கல்லில் தண்ணீர் சுமந்தவரின் பங்கையும் மறவாமல் வெட்டியவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் வெட்டியது மட்டும் ஏறக்குறைய 950 ஆண்டுகளாக நிற்கிறது. நம்மில் சிலர் நாளை மருத்துவராவோம், சிலர் செவிலியராவோம், வேறு சிலர் அவர்கள் எல்லாருடைய பெயரையும் பிழையின்றி எழுதிவைக்கும் பணியை ஏற்போம். எந்த இடத்தில் அமர்ந்தாலும், நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதரும், அவர் குடும்பமும், அவரை நம்பிப் படுத்திருக்கும் நோயாளியும் உண்டு என்பதை நினைவில் வைத்துப் பணி செய்வோமாக!